பாதி மெழுகு, பாதி எண்ணெய்

2018 அக்டோபர் 27ஆம் தேதி, பிலிப்பைன்ஸின் கேசோன் மாகாணத்தில், பனாகாவ் மலையடியிலுள்ள மாலிகோங் ஊரில் அடுக்களைப் புட்டிகளில் தேங்காயெண்ணெய் உறைந்தது.

வழக்கமாக அது டிசம்பரில்தான் உறையும். அந்த வருடம் வடக்கே ஒரு புயல் போய்க்கொண்டிருந்தது. அதன் வால் மலையைத் தொட்டு, விடாத தூறலும் வாடைக்காற்றும் பிடித்துக்கொண்டன. கொப்பரைச் சூளைகள் அணைந்து கிடந்தன. பெலிசா புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் இறங்கவில்லை. கத்தியால் பிளாஸ்டிக் புட்டியைப் பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைக் கட்டியை இலையில் எடுத்து வைத்தாள்.

மேசையின் மறுமுனையில் இன்னொரு வெள்ளைக் கட்டி இருந்தது. அது தேங்காய் மெழுகு. லுசேனாச் சந்தையில் வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. அப்புறம் எதுக்குக் கடைச்சரக்கு?" என்றான் அவள் கணவன் டென்சியோ. இஞ்சிக் கஷாயக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து அடுப்போரம் குந்தியிருந்தான்.

"இதுவும் தேங்காதான். ஆலையில என்னமோ பண்ணி இறுக்கிடறாங்களாம். வெயிலுக்கு அசையாதுன்னு கடைக்காரி சொன்னா."

டென்சியோ எழுந்து வந்து, உறையைக் கிழித்து மெழுகுக் கட்டியை மோந்து பார்த்தான். "தேங்கான்னு பேருதான். மணம் எங்க? துணி துவைக்கிற சோப்பு மாதிரி இருக்கு."

"மெழுகுவர்த்திக்கு எதுக்கு மணம்? நிக்கணும், எரியணும். அவ்வளவுதான்."

"அவன் எதை வெச்சு வீட்டைக் கண்டுபிடிப்பான்?"

அவன் என்றால் நெஸ்டர். அவர்களுடைய மகன். கள் இறக்குகிறவன். தென்னை உச்சிகளுக்கிடையே கட்டிய மூங்கில் பாலங்களில் காலையும் மாலையும் நடந்தே தோப்பு முழுவதையும் முடித்துவிட்டு, ஒரே மரத்தின் வழியாக இறங்குவான். முந்தைய வருடம் ஆகஸ்டில் நனைந்த மூங்கில் ஒன்று அவன் காலடியில் பிளந்தது.

நவம்பர் முதல் நாள் மாலையில் செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள். ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தியை ஜன்னலிலோ வாசலிலோ ஏற்றி வைப்பார்கள். அது தானாக எரிந்து முடிய வேண்டும். வாயால் ஊதி அணைப்பது, வாசல்வரை வந்தவனைப் போ என்று துரத்துவதற்குச் சமம். நெஸ்டருக்கு ஏற்றிய முதல் மெழுகுவர்த்தி போன வருடம் காற்றில் மூன்று முறை அணைந்துபோயிற்று. மூன்று முறையும் பெலிசாதான் மறுபடி ஏற்றினாள். அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. வழியில் எங்கோ நிற்கிறானோ, இருட்டில் பாலம் தெரியாமல் இன்னொரு தடவை விழுந்திருப்பானோ என்றெல்லாம் நினைப்பு போகும். யாரிடமும் சொல்லமாட்டாள். இந்த வருடம் கடையில் விற்கும் ஒல்லி மெழுகுவர்த்தி வேண்டாம், கையாலேயே செய்யலாம் என்று முடிவெடுத்ததும் அதனால்தான்.

"இது அவன் ஏறின மரத்துக் காயி. நானே துருவி, நானே காய்ச்சினது. இந்த மணம் அவனுக்குத் தெரியும்," என்றான் டென்சியோ.

"எண்ணெய் நிக்காது டென்சியோ."

"நிக்குதே. இதோ பாரு." எண்ணெய்க் கட்டியை விரல்மூட்டால் தட்டினான். டொக் டொக் என்று சத்தம் வந்தது. "சுத்தியலால அடிச்சாத்தான் உடையும்."

"கண்ணாடி டம்ளர்ல ஊத்தித் திரி போட்டு வெக்கலாம். அந்தக் காலத்துல அப்படித்தானே வெப்பாங்க," என்றாள் பெலிசா.

"விளக்கு வெக்கறது சாமிக்கு. செத்தவனுக்கு மெழுகுவர்த்திதான். எங்கம்மா செத்தப்போ நீ விளக்கா வெச்சே?"

"உங்கம்மா வரக்கூடாதுன்னு நான் எதுவுமே வெக்கல."

டென்சியோ சிரித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பு அடங்கிய குரலில், "பாதிக்குப் பாதி போடு. உன் மெழுகும் நிக்கட்டும், என் எண்ணெயும் மணக்கட்டும்," என்றான்.

பெலிசாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மெழுகை மட்டும் ஊற்றினால் மகனுக்கு வாசம் போகாமல் இருந்துவிடுமோ என்று அவளும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தாள்.

சட்டியை வெந்நீரில் வைத்து இரண்டையும் உருக்கினாள். பருத்தி நூலை மூன்று புரியாக முறுக்கித் திரி போட்டாள். நீளவாக்கில் பிளந்த மூங்கில் குழாய்களைச் சேர்த்துக் கட்டி, உள்பக்கம் வாழைத்தண்டுச் சாற்றைத் தடவி, அதில் ஊற்றினாள். அந்தக் குளிரில் காலைக்குள் எல்லாம் இறுகிவிட்டன. கட்டை அவிழ்த்ததும் எலும்பு போல வெள்ளையாக, கை மணிக்கட்டுப் பருமனில் மெழுகுவர்த்திகள் வந்தன. ஒன்றை ஏற்றிப் பார்த்தார்கள். நேராக நின்று எரிந்தது. வீடு முழுக்கக் கொப்பரை மணம். டென்சியோ வெளியே போய் நின்றுகொண்டான். அவன் கண்ணைத் துடைத்ததைப் பெலிசா பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மகள் ரோசலின் கடற்கரையில் சலாயன் ஊரில் இருந்தாள். தம்பிக்கு அவளும் ஏற்றவேண்டும். மெழுகுவர்த்திகளில் பாதியை வாழையிலையில் சுருட்டி, கூடவே ஒட்டரிசிப் பலகாரம் ஒரு பொட்டலமும் கட்டி, முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் மீன்வண்டிக்காரனிடம் பெலிசா கொடுத்தனுப்பினாள். விடிகாலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாக அவன் சொன்னான்.

நவம்பர் ஒன்றாம் தேதி மழை விட்டது. மதியத்துக்கு மேல் மேகம் கிழிந்து வெயில் அடித்தது. கல்லறையைக் கழுவி வெள்ளையடித்துவிட்டு வந்த பெலிசா, கொல்லைத் தகரத்தின் மேல் வைத்திருந்த மெழுகுவர்த்தியை எடுக்கப் போனாள். அது பாதியில் மடிந்து, தலையைத் தகரத்தில் வைத்துக் கிடந்தது. தொட்டாள். விரல் உள்ளே போயிற்று.

"டென்சியோ."

அவள் கூப்பிட்ட விதத்தில் அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பார்த்தான். "கோணிக்கிச்சு, அவ்வளவுதானே? நிழல்ல வெச்சா இறுகிடும்."

"ரோசலின் வீட்டுல நிழல்லயே இந்தச் சூடு இருக்குமே."

"இருந்தா?"

"அவ வீடு நீப்பா ஓலை."

ஓலைச் சுவர், மூங்கில் ஜன்னல் கட்டை, அதன் மேல் எரிகிற திரி, அதைத் தாங்காமல் மடிகிற மெழுகு, வழிகிற எண்ணெய். யாரும் வாயால் ஊதி அணைக்கமாட்டார்கள். இதெல்லாம் டென்சியோவின் மனதில் ஓடியது அவன் முகத்திலேயே தெரிந்தது. அந்த வீட்டுக்குள் ரோசலினின் மகன், பேரன் மிக்கோ இருந்தான். தவழ ஆரம்பித்த குழந்தை.

போன் போகவில்லை. புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூட மேட்டில் ஏறி நின்று டென்சியோ அடித்துப் பார்த்தான். ஒரு முறை மணி அடித்துவிட்டுத் துண்டித்துக்கொண்டது. அவன் இறங்கி வருவதற்குள் பெலிசா சாலையில் நின்று, ஊர் ஊராக ஆள் ஏற்றிப் போகிற ஜீப்னி வண்டியை மறித்திருந்தாள்.

வண்டிக்குள் பூக்கூடைகளும் ஆட்களுமாக அடைசல். கூரையிலும் நான்கு பேர். டென்சியோ பின்படியில் தொற்றிக்கொண்டான். பெலிசா ஓட்டுநர் பக்கத்தில், ஒருத்தியின் சாமந்திக் கூடையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் வேகமாப் போப்பா."

"எதுக்கு அக்கா அவசரம்? எல்லாருமே செத்தவங்களைப் பாக்கத்தான் போறோம். அவங்க எந்திரிச்சு ஓடிடவா போறாங்க?"

வண்டி சிரித்தது.

"நான் உயிரோட இருக்கறவங்களைப் பாக்கப் போறேன். மிதி," என்றாள் பெலிசா.

ஓட்டுநர் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். வேகத்தைக் கூட்டினான்.

ஆனால் ஒவ்வொரு ஊர் கல்லறைத் தோட்டத்தின் முன்பும் வண்டி நின்றது. சாலையை அடைத்துக்கொண்டு ஐஸ் விற்கிறவர்கள், பொரித்த வாழைப்பழம் விற்கிறவர்கள், தோளில் குழந்தைகளோடு குடும்பங்கள். கிடார் வாசித்துக்கொண்டு ஒரு கூட்டம் சமாதி மேல் உட்கார்ந்து சோறு தின்றது. வண்டி இறங்க இறங்கக் காற்று மாறிற்று. தயாபாஸ் தாண்டியதும் பெலிசா ஸ்வெட்டரைக் கழற்றினாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் கழுத்தில் வேர்த்தது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சூடாவது தெரிந்தது. கையிலிருந்த பழைய ரசீதால் விசிறிக்கொண்டு பக்கத்திலிருந்த பூக்காரி, "அப்பாடா, கீழ வந்ததும்தான் ஒடம்பு ஒடம்பா இருக்கு. மலையில எப்படித்தான் இருக்கீங்களோ," என்றாள். பெலிசா அவளையே வெறித்துப் பார்த்தாள்.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"உங்க வீட்டுல எண்ணெய் உறையுமா?"

"கடற்கரையிலயா? எண்ணெய் உறைஞ்சா நான் சாமி வந்து ஆடுவேன்." பூக்காரி சிரித்தாள்.

வேறொரு ஊர்முனையில் வண்டி நின்றபோது டென்சியோ பின்னாலிருந்து இறங்கி ஓடிவந்து ஜன்னலில் குனிந்தான்.

"நான்தான் பாதிக்குப் பாதின்னு சொன்னேன்."

"ஆமா, நீதான் சொன்னே."

"தனியா எண்ணெயா இருந்தா ரோசலின் டம்ளர்ல ஊத்தியிருப்பா. தனியா மெழுகா இருந்தா நின்னுருக்கும்."

"இதை இப்பச் சொல்லு."

"திட்டு. திட்டினாக் கொஞ்சம் நல்லா இருக்கும்."

"திட்டறதுக்கு எனக்கு வாய் வரல டென்சியோ. போய் ஏறு, வண்டி கெளம்புது."

தூரத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு புகை எழுந்தது. பெலிசா கூடையின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். கிட்டே போனதும் அது சருகு கொளுத்திய புகை என்று தெரிந்தது. அதன் பின் இன்னொரு புகை. அது தேங்காய் மட்டையில் மீன் வாட்டுகிற புகை. சூரியன் தோப்புகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. வீடுகளின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஒல்லியான கடை மெழுகுவர்த்திகள். அவை நேராக எரிந்தன.

சலாயன் முனையில் இறங்கி மணலில் ஓடினார்கள். டென்சியோவுக்கு மூச்சு வாங்கிற்று. பெலிசா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். ரோசலின் வீடு கண்ணில் பட்டது. முழுதாக நின்றது. வாசலில் மகள் சட்டியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா? என்ன இப்படி வேர்த்து விறுவிறுத்து? யாருக்கு என்ன ஆச்சு?"

"மெழுகுவர்த்தி… ஏத்திட்டியா?"

ரோசலின் வாய்விட்டுச் சிரித்தாள். "அதுவா? மெழுகுவர்த்தின்னா சொல்லி அனுப்பினே? பகல் சாப்பாட்டுக்குள்ள கஞ்சியாயிடுச்சும்மா. அர்னெல்தான் பாத்துட்டு, உங்கம்மா நமக்குக் கொழம்பு வெக்க எண்ணெய் அனுப்பியிருக்காங்கன்னான்." ஜன்னலைக் காட்டினாள். நான்கு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர், அதன் மேல் எண்ணெய், நடுவில் தக்கையில் குத்திய திரி. நான்கும் அமைதியாக எரிந்தன.

மருமகன் அர்னெல் உள்ளேயிருந்து வந்து டென்சியோவின் கையை எடுத்து மரியாதையாக நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "அப்பா, மலையில செஞ்சதுன்னு சொன்னாளே. ஒரு ஸ்வெட்டரும் சேத்து அனுப்பியிருக்கலாம்ல, அதுக்குப் போட்டு விட?"

டென்சியோ மணலில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அழுகையின் பக்கமாகப் போய்த் திரும்பிற்று. பெலிசா ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். ஜன்னலில் எரிந்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டே, "நெஸ்டருக்கு எது?" என்று கேட்டாள்.

"ஓரத்துல இருக்கறது. பெருசு."

"நல்லா எரியுது."

"மணமும் வருதும்மா. அவன் சட்டை மாதிரி."

பெலிசா வாசல் கட்டையில் உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"மிக்கோ எங்கடி?"

"புகையில இருமறான்னு பக்கத்து வீட்டுப் பாசிங் அக்கா தூக்கிட்டுப் போனாங்க. தூளியில போட்டா ஒடனே தூங்கிடுவான்."

"சாப்பிட வாங்கன்னு அந்தம்மாவையும் கூப்பிடு."

"வரமாட்டாங்க. இன்னைக்கு அவங்க புருஷனுக்கு ஏத்துவாங்கல்ல. நானே ரெண்டு குடுத்தேன். காலையில வந்ததும் கெட்டியாத்தான் இருந்துது. எவ்வளவு அழகு, எனக்கும் ரெண்டு குடுன்னு வாங்கிட்டுப் போனாங்க."

பெலிசா மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுவும் உருகிப்போயிருக்கும்மா," என்றாள் ரோசலின். அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குரல் தேய்ந்தது. "எங்களுது உருகினப்பவே…"

"இல்ல," என்றான் அர்னெல். அவன் சிரிப்பு போய்விட்டிருந்தது. "ஐஸ்பெட்டியில வெப்பாங்க. மெதுவா எரியும்னு எல்லா வருஷமும் ஐஸ்லதான் வெப்பாங்க."

மீன் வைக்கும் ஐஸில் இருந்து எடுத்திருந்தால் அவை எலும்பு போல இறுகித்தான் இருந்திருக்கும். பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராது. அர்னெல் ஓடினான். டென்சியோ அவன் பின்னால். பெலிசா எழுந்து அவர்கள் பின்னால் ஓடினாள்.

பாசிங்கின் வீடு நாலு தென்னைக்கு அப்பால் கடலைப் பார்த்து இருந்தது. அவள் வலை பின்னுகிறவள். ஊரில் கிழிந்த வலையெல்லாம் அவள் வீட்டுச் சுவரில்தான் தொங்கும். கணவன் கடலில் போனவன், உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. எனவே ஜன்னலில் ஏற்றும் மெழுகுவர்த்தியே அவனுக்கு எல்லாம்.

அவர்கள் பாதி வழியில் இருக்கும்போது பாசிங்கின் ஜன்னல் சிவந்தது. மெழுகுவர்த்தியின் வெளிச்சம் அவ்வளவு பெரிதாக இருக்காது. நைலான் வலை தீப்பிடிக்கும்போது வருகிற கருப்புப் புகை ஓலையின் இடுக்குகளில் கசிந்தது. அப்புறம் கூரையின் ஓரம் சடசடவென்று பற்றிற்று.

"மிக்கோ!" ரோசலினின் குரல் பின்னாலிருந்து வந்தது.

அர்னெல் வாசலை எட்டுவதற்குள் கதவு திறந்தது. பாசிங் வெளியே வந்தாள். இடது தோளில் குழந்தை, அதன் தலை மேல் ஈரத்துணி. வலது கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்திருந்தாள். அர்னெல் குழந்தையை வாங்கினான். மிக்கோ தூக்கம் கலைந்த கோபத்தில் வீறிட்டான். அந்த அழுகையைக் கேட்டதும் பெலிசா மணலில் முழங்காலிட்டாள்.

ஆட்கள் வாளிகளோடு ஓடிவந்தார்கள். கடல் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் நீப்பா ஓலைக்கு முன்னால் வாளிகள் என்ன செய்யும். பக்கத்துக் கூரைகளில் தண்ணீர் ஊற்றி அவற்றைக் காப்பாற்றினார்கள். பாசிங்கின் வீட்டை எரிய விட்டார்கள்.

பெலிசா அவள் கையை ஒரு பாத்திரத் தண்ணீரில் பிடித்து வைத்திருந்தாள். விரல்களின் மேல் தோல் வெள்ளையாகக் கழன்றிருந்தது.

"சாஞ்சுது," என்றாள் பாசிங். பல் கிட்டியிருந்தது. "நல்லாத்தான் எரிஞ்சுக்கிட்டிருந்துது. திடீர்னு இடுப்பு மடிஞ்ச மாதிரி சாஞ்சுது. கையால நிமித்திப் பிடிச்சேன். பிடிக்கப் பிடிக்க உள்ள இருந்து எண்ணெயா வழியுது. கையெல்லாம் தீ."

"ஊதி அணைச்சிருக்கலாமே அக்கா," என்றாள் ரோசலின் அழுதுகொண்டே.

"எப்படிடி ஊதுவேன்? அந்த மனுஷன் இப்பத்தான வந்திருப்பாரு."

டென்சியோ கொஞ்ச தூரத்தில் வாளியோடு நின்றவன், அதைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"அதைச் செஞ்சது நாங்க."

"ரோசலின் சொன்னா. மலையிலேர்ந்து வந்துதுன்னு."

"எண்ணெயும் கலந்து செஞ்சது. நான்தான் கலக்கச் சொன்னேன்."

பாசிங் எரிகிற வீட்டைப் பார்த்தாள். "எண்ணெயா? இந்த ஊர்ல எண்ணெய்ல மெழுகுவர்த்தி யாரு செய்வாங்க?"

"எங்க ஊர்ல உறையும்."

"ஓ," என்றாள் அவள். பெலிசா இன்னும் அவள் மணிக்கட்டைத் தண்ணீருக்குள் பிடித்திருந்தாள். அந்தக் கை எந்த நேரமும் தன்னைத் தள்ளிவிடும் என்று பயந்தாள். அது தள்ளிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

மீன்வண்டியில் அவளை லுசேனா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பாசிங் அல்மெதாவின் வீடும், அதிலிருந்த பதினொரு குடும்பங்களின் வலைகளும் எரிந்துபோயின. குழந்தைக்குக் காயமில்லை. டென்சியோவும் அர்னெலும் நவம்பர் கடைசிக்குள் அதே இடத்தில் வேறு வீடு கட்டிக் கொடுத்தார்கள். வலது கைப் புண் ஜனவரியில் ஆறியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதன்பின் மடங்கவில்லை. வலை பின்னும் வேலைக்குப் பாசிங் திரும்பவில்லை.